பிளஸ் டூவுக்கு அப்புறம் எந்தப் பக்கம்?

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஆண்டுதோறும் வாடகை வாங்காமல் பந்தலும் மைக்கும் தரும் அண்ணன் அவர்களே, இந்த வெயிலிலும் வந்திருக்கும் தாய்மார்களே, தேர்வு எழுதி முடித்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க மூன்றைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் விருப்பம், வீட்டுப் பணம், போய்வரும் வழி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும்தான்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பழுதான மோட்டாரைப் பார்த்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்கிறேன் என்றான். சித்தப்பா ஓடி வந்தார். "ஐ.டி.ஐ. படித்தவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?" மாமா வந்தார். "இன்ஜினீயர் என்றால்தான் கௌரவம்." அப்பா வயலை அடகு வைத்தார். அவன் கேட்காத கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்தார்கள். அரியர் மேல் அரியர். இரண்டாம் வருடமே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒருநாள் சித்தப்பா தோட்டத்தில் போர்வெல் மோட்டார் நின்றுபோனது. யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? இவனைத்தான்! அப்புறம் அதே ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு போனான். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். வயல்தான் இன்னும் மீளவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது சொந்தக்காரர்கள், முழுகியது அந்த வீடு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மற்றதைத் தலைமையாசிரியர் ஐயா விளக்குவார்.

எனக்கு வழிதான் பெரிய கவலை. நம் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஒன்பது மணிக்கு. அதற்குள் ஐ.டி.ஐ.யில் முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்துவிட்டது. பஸ்ஸே வராத நேரத்தில் அந்தச் சலுகையை வைத்து என்ன செய்வது? மதிப்பெண் இருக்கிறது, ஆசை இருக்கிறது, உதவித்தொகையும் இருக்கிறது. ஆனாலும் நம் பெண் பிள்ளைகள் படிக்காமல் மில் வேலைக்கு வேனில் ஏறிப் போகிறார்கள். அந்த வேன் மட்டும் வீட்டு வாசலுக்கே வருகிறது!

காலை ஏழரைக்கு ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று. இரண்டே டவுன் பஸ் கேட்கிறோம். தலைவர் அம்மா, மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மனு பந்தல் வாசலில் இருக்கிறது. பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.