உறைந்துபோகும் சாளரம்: டிகின்டர் நிரல்களில் பிழையைத் தேடும் முறை

[திரையில்: புகைப்படக் கோப்புறையைத் திறக்கும் சிறிய சாளரம். "தொடங்கு" என்ற பொத்தான் அழுத்தப்படுகிறது. சாளரம் வெளிறிப்போகிறது.]

வணக்கம். பைத்தான் மொழியுடன் சேர்ந்தே வரும் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு நிரலை இப்போது பார்க்கிறீர்கள். ஒரு கோப்புறையிலுள்ள புகைப்படங்களைப் படித்து, அவற்றின் சிறு உருவங்களைச் சாளரத்தில் வரிசையாகக் காட்டுவது இதன் வேலை. பத்துப் படங்கள் இருந்தால் எந்தச் சிக்கலும் தெரிவதில்லை. ஆயிரம் படங்கள் உள்ள கோப்புறையைக் கொடுத்ததும் சாளரம் அசைவற்றுப் போகிறது. தலைப்புப் பட்டையில் "பதிலளிக்கவில்லை" என்று தோன்றுகிறது. கணினியின் வேகம் போதவில்லை என்று பலர் இந்த இடத்தில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவன்று.

வரைகலை நிரலில் மேலிருந்து கீழாக ஓடும் பகுதி மிகச் சிறியது. பொத்தான்களையும் சட்டங்களையும் அமைத்து முடித்து, மெயின்லூப் என்ற நிகழ்வுச் சுழலை அழைத்ததும் கட்டுப்பாடு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. சுட்டியின் சொடுக்கு, விசை அழுத்தம், சாளரத்தை மறுபடி வரையச் சொல்லும் கோரிக்கை ஆகிய நிகழ்வுகள் வரிசையில் வந்து நிற்க, அந்தச் சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய செயற்கூற்றை (ஒரு வேலைக்கென எழுதிய நிரல் துண்டை) அழைத்து, அது முடிந்து திரும்பிய பின்னரே அடுத்ததைத் தொடுகிறது. நம் செயற்கூறு நாற்பது நொடி எடுத்துக்கொண்டால், அந்த நாற்பது நொடியும் சாளரத்தை வரைய ஆளில்லை. தனக்கு வரும் செய்திகளை 5 நொடிகளாக எடுக்காத சாளரத்தை விண்டோஸ் செயலிழந்ததாகக் கருதுகிறது. ஆகவே பிழையைத் தேடும்போது "இந்த வரி என்ன செய்கிறது?" என்று கேட்பதோடு, "இதை யார், எப்போது அழைக்கிறார்கள்?" என்றும் கேட்டாக வேண்டும்.

[திரையில்: முனையச் சாளரத்தில் பிழைத்தடம் அச்சாகிறது.]

எந்த வரியில் நிரல் சிக்கியிருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பைத்தானில் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற கூறு இருக்கிறது; அதிலுள்ள டம்ப்_டிரேஸ்பேக்_லேட்டர் என்ற செயற்கூற்றுக்கு 5 என்று கொடுத்தால், ஐந்து நொடி கழித்து ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் தனித்து ஓடும் வேலைத்தொடரும்) எந்த வரியில் நிற்கிறது என்பதை அது அச்சிட்டுவிடும். மறுபடி அழைத்தால் பழைய கெடு நீங்கிப் புதிய கெடு தொடங்கும். இந்த இயல்பைப் பயன்படுத்தி, குறித்த நேரம் கழித்து ஒரு செயற்கூற்றை அழைக்கும் ஆஃப்டர் மூலம் நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். சுழல் ஒழுங்காக ஓடும்வரை எதுவும் அச்சாகாது. சுழல் நின்றால் மட்டும், நின்ற இடத்தின் தடம் கிடைக்கும். இந்த வசதி பைத்தான் 3.3 முதலே இருக்கிறது. ஆனாலும் வரைகலை நிரல் எழுதுவோர் இதை அதிகம் எடுத்தாள்வதாகத் தெரியவில்லை.

சிக்கிய இடம் தெரிந்ததும் பலர் கைவைப்பது அப்டேட் என்ற செயற்கூற்றில். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நீண்ட மடக்கினுள் அதை இடையிடையே அழைத்தால் சாளரம் உயிர்பெற்றது போலத் தோன்றும். ஆனால் அது வரைவதோடு நிற்பதில்லை. காத்திருக்கும் எல்லா நிகழ்வுகளையும் அங்கேயே நிறைவேற்றுகிறது. பயனர் "தொடங்கு" பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால், முதல் ஓட்டம் முடியும் முன்பே அதன் வயிற்றுக்குள் இரண்டாவது ஓட்டம் தொடங்கிவிடும். சாளரத்தை மூடிவிட்டாலோ, இல்லாத பொத்தானைத் தேடி நிரல் முறியும். என் கருத்தில், ஒரு நிரலில் அப்டேட் அடிக்கடி தென்பட்டால் அதன் அமைப்பையே மறுபடி பார்ப்பது நல்லது.

சரியான வழி, நீண்ட வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றுவது. அந்த த்ரெட் சாளரத்தின் எந்த உறுப்பையும் நேரடியாகத் தொடக்கூடாது. டிகின்டரில் அப்படித் தொட்டால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் "மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்" என்ற பிழை வரும். சில சமயம் வேலை செய்வதுதான் இதில் உள்ள ஆபத்து. கியூடி, ஸ்விங், விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஆகிய பிற வரைகலை நூலகங்களிலும் இதே விதிதான். எனவே த்ரெட் தன் விடைகளை ஒரு கியூவில் (வரிசையில்) போடட்டும். முதன்மை த்ரெட் 100 மில்லி நொடிக்கு ஒருமுறை ஆஃப்டர் மூலம் அந்தக் கியூவைக் காத்திருக்காமல் எட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்துத் திரையில் காட்டட்டும். த்ரெட்டைத் தொடங்கிய அடுத்த வரியிலேயே, அது முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் ஜாயின் எழுதினால், முதன்மை த்ரெட் அங்கேயே காத்து நின்று, விலகிய உறைவு திரும்ப வந்துவிடும்.

[திரையில்: ஒரே வரி இருமுறை. ஒன்றில் செயற்கூற்றின் பெயர் மட்டும். மற்றொன்றில் பெயரும் அடைப்புக்குறியும்.]

த்ரெட் போட்ட பிறகும் சாளரம் உறைகிறது என்றால், த்ரெட் ஓட்ட வேண்டிய செயற்கூற்றைக் குறிக்கும் டார்கெட் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே செயற்கூற்றின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி இருந்தால், த்ரெட் உருவாகும் முன்பே, முதன்மை த்ரெட்டிலேயே அது ஓடி முடிந்துவிடுகிறது. அது திருப்பித் தந்த வெறுமைதான் புதிய த்ரெட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அழுத்தினால் ஓட வேண்டிய செயற்கூற்றைக் குறிக்கும், பொத்தானின் கமாண்ட் இடத்திலும் இதே தவறு நேர்கிறது. சாளரம் திறக்கும்போதே வேலை நடந்துவிடும், பிறகு பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. ஆஃப்டரில் இது இன்னும் விசித்திரமானது. நேரத்தோடு செயற்கூறு எதுவும் தரப்படாவிட்டால் ஆஃப்டர் அத்தனை மில்லி நொடியும் வெறுமனே தூங்கும். அடைப்புக்குறியுடன் எழுதினால், செயற்கூறு உடனே ஓடி, பின்னர் அந்த நேரம் முழுவதும் சாளரம் அசையாமல் கிடக்கும்.

யார், எப்போது என்ற கேள்வி லாம்டா எனும் பெயரில்லாச் சிறு செயற்கூற்றிலும் தலைகாட்டுகிறது. ஒரு மடக்கினுள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொத்தான் அமைத்து, அழுத்தினால் அந்தப் படம் திறக்குமாறு லாம்டா எழுதினால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசிப் படமே திறக்கும். லாம்டா "பாதை" என்ற மாறியின் மதிப்பை எழுதப்படும்போது குறித்துக்கொள்வதில்லை. அழுத்தப்படும்போதுதான் தேடுகிறது, அதற்குள் மடக்கு முடிந்துவிட்டது. லாம்டாவின் அளபுருவிலேயே "பாதை=பாதை" என்று எழுதினால் மதிப்பு அப்போதே பதிந்துவிடும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், இதை இப்படியே தட்டச்சு செய்து பார்க்கலாம்.

[திரையில்: படங்கள் இருக்க வேண்டிய இடங்களில் வெற்றுக் கட்டங்கள்.]

படம் தெரியவில்லை, ஆனால் படத்தின் அளவுக்குச் சரியாக இடம் மட்டும் ஒதுங்கியிருக்கிறது. இந்த அறிகுறியைக் கண்டால் கோப்பின் பாதையைச் சரிபார்த்து நேரம் கழிக்க வேண்டாம். படம் ஒழுங்காகவே படிக்கப்பட்டிருக்கிறது. செயற்கூற்றினுள் உருவாக்கிய போட்டோஇமேஜ் பொருளை உள்ளூர் மாறி ஒன்று மட்டுமே பிடித்திருந்தது. செயற்கூறு முடிந்ததும் மாறி மறைந்தது, பைத்தான் அந்தப் பொருளை நினைவகத்திலிருந்து அகற்றியது, அகலும்போது அது, டிகின்டருக்கு அடியில் வரையும் வேலையைச் செய்யும் டிகேயிலுள்ள படத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டது. டிகே அதன் இடத்தின் அளவை வைத்துக்கொண்டு உள்ளே வெறுமையாக வரைகிறது. பில்லோ நூலகத்தின் இமேஜ்டிகே கொண்டு ஜேபெக் படங்களைக் காட்டும்போதும் இதுவே நடக்கும். படப் பொருளை லேபிளின் ஒரு பண்பாகவோ, நிரல் வாழும்வரை வாழும் ஒரு பட்டியலிலோ சேர்த்துவைத்தால் போதும்.

உறுப்புகளைச் சாளரத்தில் இடமமைக்கும் பேக், கிரிட் இரண்டையும் ஒரே சட்டத்தினுள் கலந்தால் வரும் பிழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிழைச்செய்தியே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. என்ட்ரியை உருவாக்கிய அதே வரியில் பேக் என்று சேர்த்தெழுதி மாறியில் வைத்தால், மாறியில் வந்து சேர்வது உள்ளீட்டுப் பெட்டி அன்று, நன் என்ற வெறுமை. இரண்டு வரிகளாகப் பிரித்தெழுதுங்கள்.

பிழைச்செய்தியே வராத நிலைதான் கடினமானது. பொத்தான் அழைக்கும் செயற்கூற்றில் பிழை நேர்ந்தால் டிகின்டர் நிரலை நிறுத்துவதில்லை; தடத்தை முனையத்தில் அச்சிட்டுவிட்டுச் சுழலைத் தொடர்கிறது. நிரலை, முனையமின்றி ஓட்டும் பைத்தான்டபிள்யூ மூலம் இயக்கும் பயனரிடம் முனையமே இல்லை என்பதால் பிழை சுவடின்றி மறைகிறது. "அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை" என்ற புகார் மட்டும் உங்களுக்கு வந்து சேர்கிறது. முதன்மைச் சாளரத்தின் ரிப்போர்ட்_கால்பேக்_எக்செப்ஷன் என்ற இடத்தில் உங்கள் சொந்தச் செயற்கூற்றை வைத்து, முழுத் தடத்தையும் ஒரு கோப்பில் நேரத்தோடு எழுதி, பயனருக்கு ஒரு செய்திப் பெட்டியும் காட்டுங்கள். ஃபால்ட்ஹேண்ட்லருக்கும் அந்தக் கோப்பையே கொடுக்கலாம். கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். தனி த்ரெட்டில் எழும் பிழைகள் இந்த வழியில் வருவதில்லை; அவற்றை அந்த த்ரெட்டிலேயே பிடித்து, விடைகள் செல்லும் அதே கியூவில் போட்டு அனுப்புங்கள்.