வரப்பு இல்லாத நாடு

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு வயல் அடுத்தடுத்து இருந்தால் வரப்புத் தகராறு வராமல் இருக்காது. ஒரு சாண் வரப்பை வெட்டிவிட்டான் என்று கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாடுகளும் அப்படித்தான். ஆனால் இலங்கை, மாலத்தீவு, மொரீசியஸ், நியூசிலாந்து போன்ற நாடுகளுக்கு நிலத்தில் வரப்பே கிடையாது. தீவாக இருந்தால் மட்டும் போதாது. ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் ஒரே தீவைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனுக்கும் அயர்லாந்துத் தீவில் ஒரு நில எல்லை இருக்கிறது.

சரி, வரப்பு இல்லாதவர்களுக்கு எல்லைக் கவலையும் இல்லையா? பசிபிக் பெருங்கடலில் இருக்கும் ஒரு நாட்டை வைத்துப் பார்ப்போம். எழுத்தில் அது கிரிபாட்டி, வாயில் கிரிபாஸ். அவர்கள் மொழியில் ‘ஸ்’ என்பதற்குத் தனி எழுத்து இல்லை. ‘டி’ போல எழுதியதை ‘ஸ்’ என்று படிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த ‘கில்பர்ட்ஸ்’ என்ற பெயர்தான் அவர்கள் நாவில் கிரிபாஸ் ஆனது. வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

1979இல் விடுதலை பெற்ற நாடு. மொத்தம் 33 தீவுகள், அத்தனையும் சேர்த்து 811 சதுர கிலோமீட்டர். இரண்டு சென்னை மாநகராட்சிகூடத் தேறாது. மக்கள் சுமார் 1.2 லட்சம். ஆனால் இவர்களுக்கு உரிமையான கடலோ சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பையே மிஞ்சிவிடுகிறது!

இது எப்படி? 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்டத்தின்படி, கடல் வற்றும்போது தெரியும் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிப் பகுதி. 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர் வரை, மீனும் கடலடி வளமும் அந்த நாட்டுக்கே. நடுக்கடலில் தனித்து நிற்கும் ஒரு சின்னத் தீவுகூட நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலை வளைத்துக்கொள்ளும். மனிதர் வாழவே முடியாத வெறும் பாறைக்கு அந்த 200 கிடையாது. கிரிபாஸின் தீவுகளோ கிழக்கு மேற்காகச் சிதறிக் கிடக்கின்றன. தலைநகரான தாராவாவிலிருந்து, கிழக்கே இதே நாட்டைச் சேர்ந்த கிறிஸ்துமஸ் தீவுக்கு ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். தாண்டினால் நாள் மாறும் சர்வதேசத் தேதிக் கோடு நாட்டின் நடுவே ஓடியதால், மேற்கே திங்கள் என்றால் கிழக்கே ஞாயிறாக இருந்தது. இரு பக்கமும் சேர்ந்து அலுவலகம் திறந்திருந்தது வாரத்தில் நாலே நாள். 1995இல் அவர்கள் அந்தத் தேதிக் கோட்டையே கிழக்கே தள்ளிவிட்டார்கள்.

இந்தக் கடலில் விளைவது சூரை மீன். பிடிப்பது பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல்கள். கிரிபாஸும், நவ்ரு ஒப்பந்தம் என்ற மீன்பிடி உடன்பாட்டில் சேர்ந்த அண்டைத் தீவு நாடுகளும் மீனை எடைபோட்டு விற்பதில்லை, நாள்களை விற்கின்றன! ஒரு கப்பல் ஒரு நாள் வலை போட குறைந்தது 8,000 டாலர். அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வரும் ஆண்டில் மீன் கூட்டம் கிழக்கே நகர்ந்து இவர்கள் பக்கம் வந்துவிடும், கல்லா நிறையும். அதே எல் நினோவால் மழை பொய்த்தால் அழும் நம் விவசாயிக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இத்தனை கடலையும் காவல் காக்க ராணுவம் கிடையாது. ஆஸ்திரேலியா கொடுத்த ரோந்துக் கப்பல்தான் துணை.

ஆக, வரப்பு இல்லை என்றேனே, அது பாதிதான் உண்மை. நவ்ரு, துவாலு, மார்ஷல் தீவுகள் எல்லாம் இவர்களுக்குத் தண்ணீரில் பக்கத்து வீட்டுக்காரர்கள். அமெரிக்காவோடும் 2013இல் கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது.

சிக்கல் எங்கே என்றால், கடலில் போடும் எல்லைக் கோட்டைக் கரையிலிருந்துதான் அளக்கிறார்கள். தாராவாவின் நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான். கரை கரைந்தால் கோடும் பின்வாங்குமா? பின்வாங்காது என்று பசிபிக் தீவு நாடுகள் 2021இல் கூட்டாக அறிவித்தன. கடல் மட்டம் உயர்ந்தாலும் எல்லை வரைபடத்தைத் திருத்தும் கட்டாயம் இல்லை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் கருத்துச் சொன்னது.

மீன் உரிமை அதனால் தப்பலாம். தாராவாவின் கிணறுகளில் உப்பு ஏறுவதற்கு எந்த நீதிமன்றத்திலும் தடை வாங்க முடியவில்லை.

நன்றி, வணக்கம்.