ஆற்றல் கைமாறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெயிலில் நிற்கும் ஒரு செடியில் ஒளியைப் பிடிப்பது ஒரு மூலக்கூறு. அந்த ஆற்றலை வேதிவினைக்குச் செலவிடுவது வேறோரிடம். 1932ஆம் ஆண்டு ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லா என்ற பாசியின் மீது மிகக் குறுகிய ஒளிவீச்சுகளைப் பாய்ச்சி அளந்தார்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவருவதற்கு ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் இருக்க வேண்டியிருந்தது. அத்தனையும் தனித்தனியே வேலை செய்யவில்லை. தீயணைக்க வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுகிறவர்களைப் போல, பெற்ற ஆற்றலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி ஒரு மையத்தில் சேர்க்கின்றன.

இந்தக் கைமாற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? அதை அளப்பதுதான் எங்கள் துறையின் வேலை. ஒளிபட்ட பச்சையத்தைத் தனியே விட்டால், சில நானோ விநாடிகளுக்குள் (ஒரு நானோ விநாடி என்பது ஒரு விநாடியை நூறு கோடி கூறாக்கியதில் ஒரு கூறு) ஆற்றல் ஒளிர்வாகவோ வெப்பமாகவோ போய்விடும். ஆகவே கைமாற்றம் அதைவிட மிக விரைவாக நடந்தாக வேண்டும். இங்கே நாங்கள் பேசும் அளவு பிக்கோ விநாடி, அதாவது ஒரு விநாடியை லட்சம் கோடி கூறாக்கியதில் ஒரு கூறு. அதையும் ஆயிரமாகப் பிரித்தால் ஃபெம்டோ விநாடி.

எந்த மின்னணுக் கருவியும் ஃபெம்டோ விநாடியை நேராக எண்ணாது. அதனால் ஒரே லேசரிலிருந்து மிகக் குறுகிய இரண்டு ஒளித் துடிப்புகளை எடுக்கிறோம். முதல் துடிப்பு மூலக்கூறைக் கிளப்பிவிடும். இரண்டாவது, சற்றுப் பின்தங்கி வந்து, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும். பின்தங்க வைப்பது, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடி. தண்டவாளம் போன்ற சிறு மேடையில் அது நகரும். ஒரு ஃபெம்டோ விநாடியில் ஒளி கடப்பது 0.3 மைக்ரோமீட்டர். கண்ணாடியை 0.15 மைக்ரோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், போகவும் வரவும் சேர்த்து, ஒளிக்குச் சரியாக ஒரு ஃபெம்டோ விநாடி தாமதம். நேரத்தை அளக்கும் வேலை நீளத்தை அளக்கும் வேலையாக மாறிவிடுகிறது. எனக்கு இன்றும் வியப்புக் குறையாத உத்தி இது. இவ்வகை உத்தியைக் கொண்டு மூலக்கூறுப் பிணைப்புகள் அறுபடுவதைப் பின்தொடர்ந்த அகமது செவைலுக்கு 1999இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளிச்சேர்க்கையில் நான் மிகவும் நேசிக்கும் சோதனை ஊதா நிறப் பாக்டீரியாவைப் பற்றியது. அதன் ஒளிபிடிக்கும் புரதத்தில் நிறமிகள் இரண்டு வளையங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வளையத்தில் 9 நிறமிகள், அவை 800 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். மற்றதில் 18, அவை 850 நானோமீட்டரை. 800இல் முதல் துடிப்பைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். 800இல் ஒளியை உறிஞ்சுவதில் தோன்றிய மாற்றம் மங்கும். அதே வேகத்தில் 850இல் மாற்றம் எழும். ஆற்றல் ஒரு வளையத்தை விட்டு மறு வளையத்துக்குப் போவதை இரண்டு நிறங்களில் கண்ணெதிரே பார்க்கிறோம். எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ ஒரு பிக்கோ விநாடி.

2007இல் ஒரு பரபரப்பு எழுந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் கிரஹாம் ஃபிளெமிங் குழுவினர், பச்சைக் கந்தகப் பாக்டீரியாவின் ஒரு புரதத்தை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்துச் சோதித்தார்கள். சமிக்ஞை 660 ஃபெம்டோ விநாடிகளுக்கும் மேலாக ஏறி இறங்கியது. ஆற்றல் குவாண்டம் அலையாக ஒரே நேரத்தில் பல வழிகளில் பரவுகிறது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். குவாண்டம் கணிப்பொறியோடும் ஒப்பிட்டார்கள். செய்தித்தாள்கள் அதை மிகவும் விரும்பின. ஆனால் 2017இல் ஹாம்பர்க்கை மையமாகக் கொண்ட ஒரு குழு சாதாரண வெப்பநிலையில் அதே புரதத்தை அளந்தபோது, மின்னணுக்களின் ஒத்திசைவு, அதாவது அந்த அலைகள் ஒன்றோடொன்று இசைந்து ஆடுவது, சுமார் 60 ஃபெம்டோ விநாடிக்குள் மறைந்துவிட்டது. நீடித்த ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் சொந்த அதிர்வுகளே என்பதுதான் இன்று துறையில் வலுவாக நிற்கும் கருத்து. முதல் அளவீடு பிழையல்ல. அதற்குக் கொடுத்த விளக்கம்தான் அளவுக்கு மிஞ்சியது.

அப்படியானால் ஆற்றல் ஏன் வீணாவதில்லை? நிறமிகள் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அடுத்தடுத்த படி பெரும்பாலும் ஆற்றலில் சற்றுத் தாழ்ந்தது. மிச்சத்தைச் சுற்றியுள்ள புரதம் அதிர்வாக வாங்கிக்கொள்வதால் ஆற்றல் எளிதில் திரும்பி ஏறாது. வேகமும் கை கொடுக்கிறது: நிறமி ஆற்றலைத் தாங்கும் காலம் நானோ விநாடிக் கணக்கு, கைமாற்றும் நேரம் பிக்கோ விநாடிக் கணக்கு. ஆகவே ஒரு தாவலில் இழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

நன்றி, வணக்கம்.