முதல் ஆட்டத்துக்கு கைடு வேண்டாம்: ரொமான்ஸ் கேம் புதுசா தொடங்குறவங்களுக்குப் பேசினது

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்குதா? சரி, ஆரம்பிச்சிடலாம்.

இன்னைக்கு பேசப்போறது 18 வயசுக்கு மேல இருக்கவங்களுக்கான ரொமான்ஸ் அட்வென்ச்சர் கேம் பத்தி, அதாவது கதையைப் படிச்சுக்கிட்டே போய், நடுவுல வர்ற சாய்ஸ்ல ஒரு பதிலை எடுத்து, ஒரு கேரக்டரோட காதலை வளர்க்குற கேம். ஏற்கனவே விளையாடித் தள்ளினவங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் இருக்காது. இதுவரைக்கும் ஒண்ணுகூட தொடாதவங்க, இல்லன்னா ஒண்ணை டவுன்லோட் பண்ணி அரை மணி நேரம் பாத்துட்டு என்னடா இது வெறும் படிச்சுக்கிட்டே இருக்கணுமான்னு மூடி வச்சவங்க, அவங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடுறேன். முதல் ஆட்டத்துல கைடு, அதாவது எந்த இடத்துல எந்தப் பதிலை எடுக்கணும்னு எழுதி வச்ச குறிப்பு, பாக்காதீங்க. மனசுக்குப் பிடிச்ச ஒரே ஒரு கேரக்டரை எடுத்துக்கிட்டு, அவங்க பேசுறதைக் காது கொடுத்துக் கேட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்லி, கடைசில எந்த என்டிங் வருதோ அதை ஏத்துக்கங்க. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, புதுசா வர்றவங்க பாதிப் பேர் முதல் நாளே வாக்த்ரூன்னு சொல்ற அந்தக் கைடைத் தேடிப் போயிடுறாங்க. முதல் கேள்விக்கு ரெண்டாவது பதில், அடுத்ததுக்கு முதல் பதில்னு ஒரு பக்கம் பேப்பரை வச்சுக்கிட்டு கிளிக் பண்ணிக்கிட்டே போறாங்க, எல்லா சீனும் திறந்துடுது, ஆனா அந்தக் கேரக்டர் எதுக்காக இவங்களை நம்பினா, எந்த இடத்துல மனசு மாறினான்னு கேட்டா ஒருத்தராலயும் சொல்ல முடியல. காதல் கதையில அந்த மனசு மாறுற இடம்தாங்க எல்லாமே! அதைத் தவற விட்டுட்டு கேலரில இருக்குற படத்தை மட்டும் திறந்து பாக்குறதுக்கு இவ்வளவு நேரம் செலவு பண்ண வேண்டியதே இல்ல.

ஒரு சீனை எடுத்துக்குவோம், விளக்குறதுக்காக நானா கற்பனை பண்ணினதுதான். அவ ஒரு டாக்டர். நைட் டூட்டி முடிஞ்சு விடியக்காலைல வர்றா, கதவைத் திறந்ததும் செருப்பைக்கூட கழட்டாம அப்படியே சுவர்ல சாஞ்சு உக்காந்துடுறா. திரையில மூணு சாய்ஸ் வருது. ஒண்ணு, "இந்த நிலைமையிலயும் நீ ரொம்ப அழகா இருக்க". ரெண்டாவது, "என்ன ஆச்சு, சொல்லு". மூணாவது, "பேசணுமா, இல்ல நான் சும்மா பக்கத்துல உக்காரவா?" புதுசா விளையாடுறவங்க கை நேரா முதல் பதிலுக்குத்தான் போகும், ஏன்னா ரொமான்ஸ் கேம்னா ரொமான்டிக்கா பேசினா பாயின்ட் ஏறும்னு ஒரு நெனப்பு. ஆனா ரெண்டு சீனுக்கு முன்னாடி, லிஃப்ட்ல போகும்போது, அவ போகிற போக்குல ஒரு வரி சொல்லியிருப்பா: நான் களைச்சுப் போய் வரும்போது எல்லாரும் என் முகத்தைப் பத்திதான் பேசுறாங்க, எனக்கு எரிச்சலா வருதுன்னு. அந்த வரியைப் படிச்சவனுக்கு மூணாவது பதில் தானா தெரியும். ஸ்கிப் பண்ணிட்டு வந்தவனுக்கு முதல் பதில்தான் இனிப்பா தெரியும், பாயின்ட் இறங்கினதும் கேம் சரியில்லன்னு திட்டுவான். நல்ல ரைட்டர் எழுதின கேம்ல விடை எப்பவும் முன்னாடியே எங்கயாவது இருக்கும்.

இப்போ உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாப்போம், அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். நீங்க எடுக்குற சாய்ஸ் பெரும்பாலும் பின்னாடி ரெண்டு விதமா பதிவாகும். ஒண்ணு பாயின்ட், அதாவது இந்தக் கேரக்டருக்கு உங்க மேல எவ்வளவு பிடிப்புங்குற கணக்கு. இன்னொண்ணு ஃபிளாக், அதாவது நீங்க அந்தக் கடிதத்தைப் படிச்சீங்களா இல்லையா, அந்தப் பொய்யைச் சொன்னீங்களா இல்லையான்னு ஆமா இல்லைன்னு குறிச்சு வைக்கிற விஷயம். பாயின்ட் கொஞ்சம் குறைஞ்சா பின்னாடி ஏத்திக்கலாம், ஃபிளாக் போச்சுன்னா பெரும்பாலும் அந்தக் கதவு மூடினதுதான். பல கேம்ல முதல் பகுதி எல்லாருக்கும் பொதுவா ஓடும், அதை காமன் ரூட்டுன்னு சொல்லுவாங்க, அதோட முடிவுல யார் மேல உங்க பாயின்ட் அதிகமோ அவங்க ரூட்டுக்குள்ள, அதாவது அவங்களோட தனிக் கதைக்குள்ள, கேம் உங்களைத் தள்ளிடும். இதனாலதான் ஒரே ஆளைப் பிடிங்கன்னு சொல்றேன். எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் நல்ல பேரு வாங்கணும்னு சுத்தினா யாரோட ரூட்டுக்கும் பாயின்ட் பத்தாம, நடுவுலயே தனியா நிக்கிற ஒரு என்டிங்கோட முடிஞ்சிடும்.

ஆனா இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. 1994ல கொனாமி வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல்ல, அது அடல்ட் கேம் இல்ல, பழகிப் பழகி மனசைப் பிடிக்கிற பழைய டேட்டிங் சிம் வகை, அதுல நீங்க அறிமுகமான பொண்ணுங்கள்ல யாரையாவது ரொம்ப நாள் கண்டுக்காம விட்டா அவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு வெடிகுண்டு குறி வரும், அது வெடிச்சா மத்தவங்க எல்லாருக்குமே உங்க மேல இருக்குற அபிப்பிராயம் கெட்டுப் போகும். அந்த மாதிரி கேம்ல ஒருத்தரை மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்தவங்களை சுத்தமா மறந்தா ஆபத்து. அதே 1994லதான் கோயி நிறுவனத்துலேர்ந்து ஆஞ்சலிக் வந்துச்சு, பொண்ணுங்க விளையாடுறதுக்குன்னே பண்ணின முதல் ரொமான்ஸ் கேம்னு அதைச் சொல்லுவாங்க. அப்போலேர்ந்து இந்த வகை எங்கெங்கயோ கிளை விட்டுப் போயிடுச்சு. 2017ல வந்த ட்ரீம் டாடில நீங்க காதலிக்கக்கூடியவங்க எல்லாருமே குழந்தை வளர்க்குற அப்பாக்கள்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி இது எந்த வகைன்னு பாருங்க. சாய்ஸே இல்லாம நாவல் மாதிரி படிச்சுக்கிட்டே போற கினெட்டிக் நாவல் ஒரு வகை. படமும் வசனமுமா ஓடுற, சாய்ஸ் வச்ச விஷுவல் நாவல் இன்னொண்ணு, புதுசா வர்றவங்களுக்கு இதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். அப்புறம் சாண்ட்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, காலை மதியம் சாயங்காலம் ராத்திரின்னு நேரத்தைப் பிரிச்சு, நீங்களா ஒவ்வொரு இடமா போய் யார் எங்க இருக்காங்கன்னு தேடணும், பணம் சேக்கணும், திறமை ஏத்தணும். அதுல கதையை விட அலைச்சல் ஜாஸ்தி. முதல் கேமா அதை எடுக்காதீங்க, எடுத்தே ஆகணும்னா அடுத்து என்ன செய்யணும்னு பட்டியல் போட்டுக் காட்டுற குவெஸ்ட் லாக் இருக்குற கேமா பாத்து எடுங்க.

இங்க முன்வரிசைல ஒருத்தங்க கேக்குறாங்க, ஒரு பாத்திரமா மாறி ஊர் சுத்தி சண்டை போடுற பெரிய ஆர்பிஜி கேம்ல வர்ற ரொமான்ஸ் இதுல சேருமான்னு. தாராளமா சேரும். 2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3 நிறையப் பேர் விளையாடியிருப்பீங்க. அதுல கூட வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் உங்க மேல அப்ரூவல்னு ஒரு கணக்கு ஓடும், நீங்க செய்யுறது பிடிச்சா பிடிக்கலைன்னா திரையிலயே காட்டும். இதுல புதுசா வர்றவங்க கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு: லாங் ரெஸ்ட், அதாவது கேம்ப்புக்குப் போய் ராத்திரி தூங்குறது, எடுக்க மாட்டாங்க. சண்டை நல்லா போயிட்டு இருக்கு, எதுக்கு கேம்ப்புக்குப் போகணும்னு நாள் கணக்குல தூங்காமலே ஓட்டுவாங்க. ஆனா மனசு விட்டுப் பேசுற சீன், நெருக்கமாகுற சீன் எல்லாம் பெரும்பாலும் கேம்ப்ல ராத்திரிதான் வரும், ரெஸ்ட் எடுக்கலைன்னா அது வர்றதுக்கு இடமே இல்ல.

சேவ் பண்றது பத்தி. ஒரே ஸ்லாட்டுல, அதாவது சேவ் வைக்கிற ஒரே இடத்துல, மேல மேல எழுதாதீங்க. ஒவ்வொரு சாய்ஸ் வரும்போதும், பதிலைத் தொடுறதுக்கு முன்னாடி, புது ஸ்லாட்டுல ஒரு சேவ். ஒவ்வொரு அத்தியாயம் தொடங்கும்போது தனியா ஒண்ணு, அதை அழிக்கவே கூடாது. இந்த வகை கேம்கள்ல நிறைய அத்தியாயம் அத்தியாயமாத்தான் வெளிவரும், முழுசா முடியாம வருஷக்கணக்குல அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும், சில சமயம் புது அப்டேட்ல பழைய சேவ் ஓடாது, அப்போ அந்த அத்தியாயத் தொடக்கத்து சேவ்தான் கைகொடுக்கும். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்குறேன், சேவ் இருக்குங்குறதுக்காக பாயின்ட் இறங்கின ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய் மாத்தாதீங்க. தப்பாப் பேசி, அந்த ஆள் கோபப்பட்டு, அதுக்கு அப்புறம் சமாதானம் பண்ற சீன் சில கேம்ல அவ்வளவு அழகா எழுதியிருப்பாங்க, தப்பே பண்ணாதவனுக்கு அந்த சீன் வரவே வராது.

கீபோர்டு விஷயம் கொஞ்சம். இந்த வகைல எக்கச்சக்கமான கேம்கள் ரென்பைங்குற, கேம் பண்றதுக்கான இலவச மென்பொருள்ல (என்ஜின்) பண்ணினது, 2004லேர்ந்து இருக்கு. அதுல கன்ட்ரோல் கீயை அமுக்கிப் பிடிச்சா வசனம் வேகமா ஓடும், டேப் கீயைத் தட்டினா அமுக்கிப் பிடிக்காமலே ஓடும். செட்டிங்ஸ்ல மாத்தலைன்னா ஏற்கனவே படிச்ச வசனத்தை மட்டும்தான் அது தாண்டும், அதை அப்படியே விட்டுடுங்க, ரெண்டாவது ஆட்டத்துல புது வரி வந்ததும் தானா நிக்கும். மவுஸ் வீலை மேல உருட்டினா வசனம் பின்னாடி போகும், கேம் பண்ணினவங்க அதை முடக்கி வைக்காம இருந்தா சாய்ஸைக்கூட திரும்ப எடுக்கலாம். எச் கீயைத் தட்டினா எழுத்துப் பெட்டி மறைஞ்சு படம் மட்டும் தெரியும், நிறையப் பேருக்கு இது தெரியாது.

முதல் என்டிங் பாத்து முடிச்சதுக்கு அப்புறம் கைடு பாருங்க, தாராளமா பாருங்க. அப்போகூட ஸ்பாய்லர், அதாவது கதையை முன்னாடியே உடைக்கிற விஷயம், இல்லாத கைடா, எந்த ரூட்டை எந்த வரிசைல ஆடலாம்னு மட்டும் சொல்றதா தேடுங்க. சில கேம்ல ஒரு ரூட்டை முடிச்சாதான் இன்னொண்ணு திறக்கும், அந்த வரிசையை ரைட்டர் யோசிச்சு வச்சிருப்பாங்க, முதல் ரூட்ல வில்லனாத் தெரிஞ்சவன் மூணாவது ரூட்ல வேற ஆளாத் தெரிவான்.

அடுத்து அடல்ட்டுங்குற விஷயம், இதை மழுப்பாம பேசணும். கேம் பக்கத்துல டேக்ஸ், கன்டென்ட் வார்னிங் ரெண்டும் போட்டிருப்பாங்க. தயவு செஞ்சு படிங்க. ரொமான்ஸ்னு நம்பி உள்ள போனா நடுவுல வன்முறை, வற்புறுத்தல் வர்ற கேமும் இருக்கு. உங்களுக்கு எது ஆகாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், வார்னிங்கைப் படிச்சா கதை கெட்டுப் போயிடும்னு ஒண்ணும் இல்ல. கேரக்டர்கள் எல்லாருமே வயசு வந்தவங்கன்னு தெளிவா இருக்குற கேமை மட்டும் எடுங்க, அதுல சந்தேகம் வந்தா தொடவே தொடாதீங்க. நெருக்கமான சீனை மட்டும் தாண்டுறதுக்கோ மறைக்கிறதுக்கோ செட்டிங்ஸ்ல வசதி வச்ச கேமும் இருக்கு, கதை மட்டும் போதும்னு நினைக்கிறவங்க அதைப் பயன்படுத்தலாம். சில கேம்ல லவ்வுக்கு ஒரு பாயின்ட், லஸ்ட்டுக்கு, அதாவது உடல் ஆசைக்கு, ஒரு பாயின்ட்னு தனித்தனியா வச்சிருப்பாங்க, எல்லா இடத்துலயும் அவசரப்பட்டுக்கிட்டே போனா லவ் பக்கம் இருக்குற கதை உங்களுக்குக் கிடைக்காது.

ஸ்டீம்னு சொல்ற ஆன்லைன் கேம் கடைல முழு அடல்ட் கேம்கள் 2018லேர்ந்து இருக்கு, ஆனா சும்மா தேடினா கண்ணுல படாது. அக்கவுன்ட்டுல லாகின் பண்ணி ஸ்டோர் பிரிஃபரன்ஸ்ல நீங்களா போய் அனுமதி கொடுத்தாதான் காட்டும். இன்னொண்ணு, நீங்க என்ன விளையாடுறீங்கன்னு ஃபிரண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்கவங்களுக்குத் தெரியும், வேண்டாம்னா அந்த கேமை மட்டும் பிரைவேட்னு மார்க் பண்ணிடுங்க. வேற யாராவது, முக்கியமா குழந்தைங்க, தொடுற கம்ப்யூட்டர்னா தனி யூசர் போட்டு பாஸ்வேர்டு வைங்க.

ஓசில கிடைக்குதேன்னு கண்ட சைட்டுலேர்ந்து இறக்காதீங்க, வைரஸ் ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு இதை விட வசதியான வழி கிடையாது. பல கேம் ஒரே ஒரு ஆள் ராத்திரி கண்ணு முழிச்சு பண்றது, அவங்களுக்குக் காசு போய்ச் சேரணும். 2025 ஜூலைல பேமென்ட் கம்பெனிகளோட நெருக்கடியால ஸ்டீம் சில அடல்ட் கேம்களை எடுத்துச்சு, சின்ன டெவலப்பர்கள் கேம் விக்கிற இட்ச்ங்குற சைட்டுல அடல்ட் கேம்களைத் தேடினாலே வராத மாதிரி பண்ணிட்டாங்க. அதுல நிறைய சின்ன டெவலப்பர்களுக்குப் பெரிய அடி. அதனால காசு கொடுத்து வாங்கின கேமுக்கு டவுன்லோட் பண்ற ஃபைல் கிடைச்சா உடனே எடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்ல போட்டு வைங்க. அப்போ சேவ் ஃபோல்டரையும் மறக்காதீங்க, ரென்பை கேம்னா விண்டோஸ்ல சேவ் ஃபைல்கள் கேம் இருக்குற ஃபோல்டர்ல மட்டும் இருக்காது, விண்டோஸ் யூசர் ஃபோல்டர்ல இருக்குற ஆப்டேட்டாவுக்குள்ள (AppData) ரென்பைன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் சேத்து காப்பி பண்ணிக்கங்க.

என் பக்கம் இவ்வளவுதான். இப்போ உங்க கேள்விகள் கேளுங்க, ஆனா எந்தக் கேமோட என்டிங்கையும் யாரும் இங்க உடைச்சுடாதீங்க, இன்னும் விளையாடாதவங்க நிறையப் பேர் உக்காந்திருக்காங்க.