எழுவான்கரை நிலத்தை மேலிருந்து அளக்கலாம்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் நின்று பேசுகிறேன், காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவில் உள்ள மணல் திட்டில்தான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம். வாவிக்குக் கிழக்கே உள்ள இந்தப் பக்கத்தைத்தான் எழுவான்கரை என்கிறோம். உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை உயர்கிறது. நிலமும் அதே அளவு தாழ்ந்தால் கரையில் இருப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. அதனால்தான் கடலை மட்டும் அளந்தால் போதாது என்கிறேன்.

சரி, எப்படி அளப்பது? ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து ராடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிகிறது. அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீற்றர். ஒரு கட்டடம் செய்மதியிலிருந்து அதில் பாதியளவு, 2.8 சென்டிமீற்றர் விலகினால், போய்வரும் தூரத்தில் ஒரு முழு அலை கூடிவிடும். அலை எந்தக் கட்டத்தில், அதாவது ஏற்றத்திலா இறக்கத்திலா, திரும்புகிறது என்று ஒப்பிட்டால் அதைவிடச் சின்ன அசைவும் பிடிபடும்.

ஆனால் இரண்டு படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. மாரி காலத்தில் காற்றிலுள்ள நீராவி அலையைத் தாமதிக்க வைக்கும். அசையாத நிலமும் அசைந்ததாகத் தெரியும். பல வருடப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குழப்பம் அடங்கி, வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் தாழ்வு துலங்கும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களில் இது சிரமம். உழவு, நீர், பயிர், அறுவடை என்று வயல் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய படத்தோடு புதியது ஒத்துப்போகாது. எழுவான்கரையில் நெருக்கமாக நிற்கும் கொங்கிறீற் வீடுகளும் மதில்களும் வருடக்கணக்கில் ஒரே மாதிரி எதிரொலிக்கும். நாசாவும் இஸ்ரோவும் 2025 ஜூலை 30இல் ஏவிய நிசார் செய்மதியின் 24 சென்டிமீற்றர் அலை இலைதழையை ஊடுருவுவதால், வயல் பக்கமும் நம்பிக்கை இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, வாவியோரச் சதுப்பில் மண் கொட்டி வீடு கட்டிய இடங்கள். மேலே பாரம் ஏற, அடியிலுள்ள மென்மையான களி மெல்ல மெல்ல இறுகும். பாறைமேல் நிற்கும் ஒரு கட்டடத்தை நிலையான புள்ளியாக வைத்து அவற்றை ஒப்பிட வேண்டும். சென்டினல் தரவும் இலவசம், அதைத் திறக்கும் ஸ்னாப் மென்பொருளும் இலவசம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத் தம்பி தங்கைகளே, இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் இதை எடுங்கள்.