மூச்சை விடக் கற்றுக்கொடுப்பவர்கள்

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நாங்குநேரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் விஜயநாராயணத்துக் கோபுரங்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் அது. அங்குள்ள கோபுரத்தின் உயரம் 471 மீட்டர். கடல் கண்ணுக்கே எட்டாத பொட்டலில் கடற்படைக்கு என்ன வேலை என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. வீட்டில் யாருக்கும் விடை தெரியவில்லை. சாதாரண வானொலி அலை கடல்நீரில் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் சில மீட்டர் ஆழம் வரை போகும். அதை அனுப்பத்தான் அத்தனை பெரிய கோபுரங்கள். ஆனால் அது ஒருவழிப் பாதை. இங்கிருந்து சொன்னால் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவர் கேட்கலாம். அங்கிருந்தபடியே பதில் சொல்ல முடியாது. அவரிடம் 471 மீட்டர் கோபுரம் இல்லையே.

இன்றைய பேச்சுக்கு எனக்கு இந்த ஒன்று போதும். கடலுக்கடியில் போனவர் மேலே இருப்பவரிடம் சந்தேகம் கேட்க முடியாது. கேட்க வேண்டியதையெல்லாம் கரையிலேயே கேட்டு முடித்திருக்க வேண்டும். அப்படியானால் யாரிடம் கேட்டார் என்பது பெரிய விஷயம் ஆகிவிடுகிறது.

நம்மவர்கள் முதலில் பிரிட்டனிடம் கேட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் இந்திய மாலுமிகள் சிலர் பிரிட்டிஷ் கடற்படையில் பயின்றார்கள். கப்பலையும் அங்கேயே வாங்க நினைத்தோம். பணத்துக்கான ஏற்பாட்டில் பேச்சு முறிந்தது. 1964-இல் பாகிஸ்தானுக்கு அமெரிக்காவிடமிருந்து காஸி என்ற நீர்மூழ்கி கிடைத்துவிட்டது. நாம் சோவியத் ஒன்றியத்தின் பக்கம் திரும்பினோம். விளாடிவோஸ்டாக்கில் நம்மவர்களுக்குப் பயிற்சி. புதுக் கப்பல், புது ஊர், உறையவைக்கும் குளிர், எல்லாவற்றுக்கும் முன்னால் ரஷ்ய மொழி. 1967 டிசம்பர் 8 அன்று ஐரோப்பாவின் ரீகா துறைமுகத்தில், நம் முதல் நீர்மூழ்கியான கல்வரி கடற்படையில் சேர்ந்தது. அதன் முதல் கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன். அந்த ஆண்டுதான் அரபு - இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டிருந்தது. ஆகவே புதிதாகக் கற்றுக்கொண்ட அந்த மாலுமிகள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு 1968-இல் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். வண்டி ஓட்டக் கற்றவனிடம், முதல் நாளே மலைப்பாதையில் போய்வா என்று சொன்னதுபோல.

அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? டார்பிடோ என்ற நீரடிக் குண்டை விடுவதையா? அது பிற்பாடு. முதலில் குழாய்களும் வால்வுகளும். விளக்கு அணைந்து, புகை சூழ்ந்து, தண்ணீர் பீச்சியடிக்கும்போது எந்த வால்வு எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கப்பல் முழுவதையும் தாளில் வரைந்து காட்டச் சொல்வார்கள். சமையற்காரருக்கும் விலக்கு இல்லை. தீப்பிடித்தால் அது அவர் சமையற்காரர் என்று பார்ப்பதில்லை. இதில் தேறினால்தான் நீர்மூழ்கி மாலுமிக்குரிய டால்பின் சின்னம். பிரிட்டிஷ் மரபில் அந்தச் சின்னத்தை ரம் கோப்பையின் அடியில் போட்டுக் கொடுப்பார்கள். ஒரே மூச்சில் குடித்து, சின்னத்தைப் பல்லால் கவ்வ வேண்டும்.

பிறகு மூழ்கிய கப்பலிலிருந்து தப்பும் பயிற்சி. இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் 30 மீட்டர் ஆழமுள்ள நீர்க்கோபுரம் ஒன்று 1954 முதல் இருந்தது. பல நாட்டு மாலுமிகள் அதன் அடியிலிருந்து மேலே ஏறிப் பழகியிருக்கிறார்கள். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. தூத்துக்குடி முத்துக்குளிப்பவருக்கு மூச்சை அடக்குவதுதான் வித்தை. நீர்மூழ்கி மாலுமி மூச்சை அடக்கினால் செத்தார். முத்துக்குளிப்பவர் மேற்பரப்பில் இழுத்த காற்றோடு இறங்குகிறார். இவரோ ஆழத்தின் அழுத்தத்தில் அமுங்கிய காற்றைச் சுவாசித்துவிட்டு ஏறுகிறார். ஏற ஏற அந்தக் காற்று விரியும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழிந்துவிடும். வாயைத் திறந்து ஊதிக்கொண்டே மேலே வர வேண்டும். தண்ணீருக்குள் தலை போனதும் வாயை மூடுவது பிறவிப் பழக்கம். அந்தப் பழக்கத்தை மறக்கடிப்பதற்கு ஓர் ஆசிரியர் பக்கத்தில் மிதக்க வேண்டியிருக்கிறது. புத்தகம் அனுப்பி இதைக் கற்பிக்க முடியாது.

கமாண்டர் ஆவதற்கான படிப்பு இன்னும் கடுமை. பிரிட்டிஷ்காரர்கள் அதைப் பெரிஷர் என்கிறார்கள், 1917-லிருந்து நடக்கிறது. நிஜக் கப்பல்கள் மேலே பாய்ந்து வர, பெரிஸ்கோப்பில் ஒரு நொடி பார்த்து, மனக்கணக்கில் தூரத்தையும் நேரத்தையும் போட்டுத் தப்ப வேண்டும். தேறாதவரை அன்றே படகில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெட்டியை வேறொருவர் கட்டிவைத்திருப்பார். கையில் ஒரு விஸ்கி பாட்டில். அதோடு நீர்மூழ்கி வாழ்க்கை முடிந்தது. பிரிட்டன் டீசல் கப்பல்களைக் கைவிட்டபின், டீசல் வகைக்கான இந்தப் படிப்பை நெதர்லாந்து எடுத்து நடத்துகிறது. மற்ற நாட்டு அதிகாரிகளும் போய்ப் படிக்கிறார்கள். தன் மகனுக்குத் தோல்வி என்று சொல்லும் உரிமையை அடுத்த வீட்டு வாத்தியாரிடம் கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று பாருங்கள்.

கற்றுக்கொண்ட நாம் இப்போது கற்றுக்கொடுக்கிறோம். வியட்நாம் ரஷ்யாவிடம் ‘கிலோ’ என்ற வகையைச் சேர்ந்த நீர்மூழ்கிகள் ஆறை வாங்கியது. நமக்குப் பழக்கமான வகை. ஆகவே 2013 முதல் அதன் மாலுமிகள் விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். சாதவாகனா பள்ளியில் பயின்றார்கள். 2020-இல் நம்முடைய சிந்துவீர் நீர்மூழ்கியையே மியான்மருக்குக் கொடுத்தோம். அங்கே அதற்கு மின்யே தெயின்காது என்று பெயர். அந்நாட்டின் முதல் நீர்மூழ்கி. நம் மாணவர் என்று நாம் மகிழ்ந்து ஓராண்டு ஆனது. 2021 டிசம்பரில் சீனா அவர்களுக்கு இன்னொரு கப்பலைக் கொடுத்தது! ஒரே கடற்படை, ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் இரண்டு வாத்தியார்கள். கொடுத்த கப்பலைத் திரும்பக் கேட்கலாம். 1988-இல் குத்தகைக்கு வந்த அணுசக்திக் கப்பலான சக்ராவை 1991-இல் சோவியத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தானே செய்தது. அதில் வேலை பழகிய நம்மவர்களின் கைகளிலிருந்து அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் கப்பலை விற்பதைவிடக் கற்றுக்கொடுக்க ஒரு நாடு அதிகம் யோசிக்கிறது, யோசிக்கவும் வேண்டும் என்கிறேன். ஆஸ்திரேலியா விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டனோடு செய்துகொண்ட ஆக்கஸ் ஒப்பந்தப்படி அது அணுசக்திக் கப்பல் வாங்கப் போவது 2030-களில்தான். அதன் முதல் மூன்று அதிகாரிகள் 2023-லேயே அமெரிக்காவின் அணுசக்திப் பள்ளியில் தேறிவிட்டார்கள்.

நட்பு என்றதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2009 பிப்ரவரியில் பிரிட்டனின் வான்கார்டும் பிரான்சின் லெ திரியோம்ஃபான்டும் அட்லாண்டிக் கடலின் அடியில் மோதிக்கொண்டன. இரண்டு நாடுகளும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருப்பவை. மோதிய இரண்டும் அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகள். அவை எங்கே உலவுகின்றன என்பதை நண்பனிடமும் சொல்வதில்லை. ஏதோ கன்டெய்னர் மீது மோதியிருக்கலாம் என்றுதான் பிரான்ஸ் முதலில் அறிவித்தது.

இந்த ரகசியம் எங்கே உடைகிறது என்றால், காற்று தீரும்போது. 2000 ஆகஸ்டில் ரஷ்ய நீர்மூழ்கியான குர்ஸ்க் மூழ்கி 118 பேர் இறந்தார்கள். வெளியார் உதவியை ஏற்க ரஷ்யா நான்கு நாள் எடுத்துக்கொண்டது. கடைசியில் அவசர வழியின் மூடியைத் திறந்தவர்கள் நார்வே முக்குளிப்பவர்கள். முதல் நாளே அழைத்திருந்தாலும் யாராவது பிழைத்திருப்பார்களா என்பது ஐயம்தான். ஆனால் அடுத்த முறை ரஷ்யா தயங்கவில்லை. 2005 ஆகஸ்டில் கம்சாட்கா கடலில் ஏஎஸ்-28 என்ற சிறு நீர்மூழ்கி ஏழு பேரோடு 190 மீட்டர் ஆழத்தில் வலையிலும் கம்பியிலும் சிக்கியது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்று நாடுகளையும் கூப்பிட்டார்கள். பிரிட்டிஷ் எந்திரம் ஒன்று விமானத்தில் வந்து, இறங்கி, வலையை அறுத்தது. ஏழு பேரும் மேலே வந்தார்கள்.

அதன்பின் 2011-இல் ஸ்பெயின் கடலில் நேட்டோ நடத்திய மீட்புப் பயிற்சிக்கு ரஷ்யாவின் அல்ரோசா நீர்மூழ்கி வந்தது. மூழ்கிய கப்பலாக நடித்து அடியில் கிடந்தது. எதிரணியின் மீட்புக் கலங்கள் அதன் மூடியில் வந்து ஒட்டிப் பார்த்தன. மூடியின் அளவு பொருந்துகிறதா என்பதை அமைதிக்காலத்தில்தானே பார்த்துவைக்க முடியும். மூன்று ஆண்டுகளில், உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றிய விவகாரம் வந்தது. 2014 ஏப்ரலில் நேட்டோ ரஷ்யாவுடனான நடைமுறை ஒத்துழைப்பை எல்லாம் நிறுத்திவைத்தது. அன்று அல்ரோசாவின் மேல் வந்து ஒட்டிய கலங்களை ஓட்டியவர்கள் இன்றும் எங்கோ வேலையில் இருப்பார்கள். அந்த மூடியின் அளவு அவர்களுக்கு மறந்திருக்காது.