பேட்டரி வாங்கும் முன் மீட்டரை வையுங்கள்: காரில் சார்ஜ் ஏறாத கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

[காட்சி: இருட்டில் ஒளிரும் டேஷ்போர்டு. சாவி திரும்புகிறது. டக் டக் டக் என்ற சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பலரும் செய்வது ஒன்றுதான், நேராகப் போய் புது பேட்டரி வாங்கி மாட்டிவிடுவது. ஒரு வாரம் பத்து நாள் வண்டி நன்றாக ஓடும், அப்புறம் ஒரு காலையில் மறுபடியும் அதே டக் டக். பேட்டரி கெட்டுப்போகவே இல்லை, அதற்குச் சார்ஜ் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வராததற்குக் காரணம் ஆல்டர்னேட்டரா (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி), பெல்ட்டா, வயரா, அல்லது ராத்திரி முழுக்க யாரும் பார்க்காத நேரத்தில் கரண்டைக் குடிக்கும் ஏதாவது ஒன்றா என்பதை எதையும் மாற்றாமலே கண்டுபிடிக்க முடியும். வோல்ட்டும் கரண்டும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

முதலில் டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி. பேட்டரி படம் போட்டிருப்பதால் பேட்டரியில் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். அது சொல்வது வேறு: சார்ஜ் ஏறவில்லை என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், அந்த நொடியிலிருந்து வண்டி பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் ஓடுகிறது. ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இன்ஜினை மட்டும் அணைக்காமல் பாதுகாப்பான இடம் வரை ஓட்டிப் போய்விடுங்கள், ஏனென்றால் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனால் விளக்கு எரிந்த கையோடு ஸ்டீயரிங் கனமாகி, டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நிறைய வண்டிகளில் தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், அதனால் அப்போது உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும்.

[காட்சி: எளிய வரைபடம். இன்ஜின், பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி. அம்புக்குறிகள் ஒரு முழு வட்டமாகச் சுற்றி வருகின்றன.]

இந்த வரைபடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்ஜின் பெல்ட்டைச் சுற்றுகிறது, பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. உள்ளே உண்டாவது மாறுமின்சாரம், அதை டயோடுகள் நேர்மின்சாரமாக மாற்றுகின்றன, எவ்வளவு வோல்ட் வெளியே வர வேண்டும் என்பதை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு தடித்த வயர் வழியாக பேட்டரியின் பிளஸ்ஸுக்கு வருகிறது. இதோடு நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கரண்ட் திரும்பிப் போகவும் வழி வேண்டுமே? பேட்டரி மைனஸிலிருந்து பாடி, பாடியிலிருந்து எர்த் பட்டை வழியாக இன்ஜின், இன்ஜினிலிருந்து ஆல்டர்னேட்டரின் உடம்பு. இந்தப் பாதிக்கு டேஷ்போர்டில் விளக்கு கிடையாது, அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

சரி, பானெட்டைத் திறக்கலாம். மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணும் கையும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி டெர்மினல் இரண்டையும் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது லூஸ்தான். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவி, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியில் பட்டால் முழு பேட்டரியும் அந்த ஸ்பானர் வழியாக ஷார்ட் ஆகும், பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருந்தால் பேட்டரி வெடிக்கவும் கூடும். அப்புறம் பெல்ட். வெடிப்பு, ஓரம் பிய்ந்திருப்பது, கண்ணாடி மாதிரி மினுமினுப்பது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துவது, இதில் எது இருந்தாலும் முதலில் பெல்ட்டையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள்.

[காட்சி: மீட்டர் டிசி (நேர்மின்சார) வோல்ட் நிலையில். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில்.]

இப்போது முதல் அளவு. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் எடுக்க வேண்டும். இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தீர்கள் என்றால் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சார்ஜ் பொய்யான நம்பர் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள்.

பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால் முழுச் சார்ஜ் என்றால் 12.6 அல்லது 12.7. மீட்டர் 12.4 காட்டினால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 12 வோல்ட் பேட்டரி 12 காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

12.4க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல், சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிட்டு வாருங்கள். இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவும் குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும்.

முழுச் சார்ஜ் ஏறிய பிறகு, மீட்டரை டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும் அந்த இரண்டு மூன்று நொடியில் வோல்ட் சரியும், அது இயல்பு. மிதமான வெப்பநிலையில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குள் தெம்பு இல்லை என்று சந்தேகப்படலாம். வோல்ட் என்பது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லாது. பழைய பேட்டரி 12.6 காட்டிக்கொண்டே ஒரு முறைகூட இன்ஜினைச் சுற்ற முடியாமல் இருக்கலாம்.

இனி இன்ஜின் ஓடட்டும். அதே இரண்டு இடத்தில் அதே மீட்டர். 13.8 முதல் 14.7 வரை எது காட்டினாலும் நல்லது. ஏறாமல் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவே இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடிக்கடி போகும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

சும்மா ஓடும்போது சரியாக இருந்து, மின்சாரப் பாரம் ஏற்றினால் படுத்துக்கொள்ளும் ஆல்டர்னேட்டரும் உண்டு. அதனால் ஹெட்லைட், ஏசி விசிறி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை 2,000 ஆர்பிஎம் வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு பாருங்கள். 13.5ஐ ஒட்டியாவது நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர். எரிபொருள் மிச்சப்படுத்த, பேட்டரி நிறைந்திருக்கும்போது அது வேண்டுமென்றே 12.6, 12.8 என்று இறக்கிவைக்கும், பிரேக் பிடிக்கும்போது 14.8 வரை ஏற்றும். பேட்டரி மைனஸ் டெர்மினலின் மேல் சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தால் உங்கள் வண்டி அந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தடவை பார்த்த நம்பரை வைத்து அதில் தீர்ப்பு சொல்லக் கூடாது, எல்லா விளக்கையும் போட்டு சில நிமிடம் கவனித்துவிட்டுச் சொல்லுங்கள்.

[காட்சி: ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், ரப்பர் மூடிக்குள் இருக்கும் தடித்த வயரின் போல்ட்.]

இனி வரும் சோதனைக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

என் முந்தைய வண்டியில் இதே கோளாறு. லைட் போட்டால் பேட்டரியில் 13.1தான் காட்டும், செல்ஃபும் மந்தமாகச் சுற்றும். ஒரு பட்டறையில் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். அதே 13.1. அடுத்து பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அப்போதும் அதே 13.1. கடைசியில் நானே மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆல்டர்னேட்டரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.1 இருந்தது. அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஒரு வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்று பார்ப்பது மிகச் சுலபம். இன்ஜின் ஓடிக்கொண்டு, லைட்டெல்லாம் எரிந்துகொண்டு இருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரு முனைகள், வயர் நன்றாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் காட்டும். 0.3ஐத் தாண்டினால் அந்த வழியில் கோளாறு. அடுத்து ஒரு முனை ஆல்டர்னேட்டர் உடம்பில், மறு முனை பேட்டரி மைனஸில். இங்கே 0.2க்கு மேல் போகக் கூடாது. முன்னால் மைனஸ் குறி வந்தால் கண்டுகொள்ளாதீர்கள், நம்பர்தான் முக்கியம். பெல்ட்டும் விசிறியும் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் தொங்கும் சட்டைக் கை, துப்பட்டா, மீட்டர் வயர் எதுவும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு பிளஸ் பக்கம் 0.1, மைனஸ் பக்கம் 0.9. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு, பட்டையில் பாதி இழைகள் அறுந்திருந்தன. மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தைத் தேய்த்து மாட்டினேன், பேட்டரியில் 14 வந்தது. செல்ஃபும் அன்றே சரியானது, அதற்கும் கரண்ட் திரும்பும் வழி அதுதானே.

பிளஸ் பக்கம் வோல்ட் பெரிய அளவில் தொலைந்தால், அதாவது ஆல்டர்னேட்டரில் 15ஐ ஒட்டிக் காட்டி, பேட்டரியில் 12 மட்டும் இருந்தால், நடுவே உள்ள பெரிய ஃபியூஸ் போயிருக்கும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபிளைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது.

ஆல்டர்னேட்டரிலேயே வோல்ட் இல்லையென்றால்? உடனே அதைக் கழற்றிவிடாதீர்கள். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பேட்டரி விளக்கு எரிய வேண்டும். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு வழியாகப் போகும் சின்ன கரண்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும். பல்ப் போய்விட்டாலோ, பின்னால் உள்ள சின்ன வயர் கழன்றிருந்தாலோ அது எழவே எழாது. இதெல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் வரவில்லை என்றால் உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். பல மாடல்களில் இந்த இரண்டையும் தனியாக மாற்ற முடியும், முழு ஆல்டர்னேட்டரும் வேண்டியதில்லை.

டயோடு போனதைக் கண்டுபிடிக்க மீட்டரை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலில் வையுங்கள். 0.1க்குக் கீழே இருந்தால் அருமை, 0.5ஐத் தாண்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்பதும் இதன் அறிகுறிதான்.

சார்ஜ் நன்றாக ஏறுகிறது, பேட்டரியும் நல்லது, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது.

[காட்சி: மைனஸ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மீட்டர்.]

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவே மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவோ ஹெட்லைட் போடவோ கூடாது. சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட, காத்திருங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. டேஷ்போர்டு பெட்டிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஒன்று போதும், அது 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றே நாளில் பாதியாகிவிடும். அதிகமாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை எடுத்ததும் நம்பர் விழுகிறதோ அந்த இணைப்பில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். எந்த ஃபியூஸை எடுத்தாலும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் டயோடையே சந்தேகப்படுங்கள், அதன் வழியாகவும் பேட்டரி பின்பக்கமாகக் காலியாகும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மறக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அடுத்த முறை பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. கேபிள் பிரியும் அந்தக் கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறும். இன்றைய வண்டிகளில் அது ஒரு கம்ப்யூட்டரையே காவு வாங்கிவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பெரும்பாலும் அவற்றில் ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. 12 வோல்ட் பேட்டரியை வோல்ட் அளவு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கம் கை போகவே கூடாது.

கோளாறு தெரிந்து ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டி வந்தால், மாட்டும் முன் பேட்டரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். காலியான பேட்டரியை நிரப்பும் முழுச் சுமையையும் புது ஆல்டர்னேட்டர் மேல் போட்டால் அது சூடாகித் தவிக்கும். மாட்டி முடித்ததும் நான்கு அளவுகளை மறுபடி எடுங்கள்: ஓடும்போது பேட்டரியில், பாரத்தோடு பேட்டரியில், பிளஸ் வயரில், எர்த்தில். நான்கையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வண்டி புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.